படகு டிரெய்லரின் பக்கச் சட்டத்தில் விழுந்த விரிசல்: ஒரு பழுதுநீக்கப் பதிவு

மெல்பேர்னின் போர்ட் பிலிப் விரிகுடாவிலும் வெஸ்டர்ன்போர்ட்டிலும் மீன்பிடிக்கச் செல்லும் ஐந்து மீட்டர் அலுமினியப் படகு ஒன்றைத் தாங்கும் டிரெய்லரின் சட்டகத்தைப் பழுது பார்த்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங், 100×50×3 மி.மீ. செவ்வகக் குழாயில் செய்த பக்கச் சட்டங்கள், முழுவதும் துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்த கால்வனைஸ் பூச்சு என்று இந்நாட்டில் பரவலாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது. இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்தில், ஸ்பிரிங்கின் முன்முனையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கருக்குச் சற்று முன்னால், குறுக்காக ஒரு விரிசல் விழுந்திருந்தது. அது மேல்முகம் முழுவதையும் கடந்து, வெளிப்பக்கச் சுவரில் ஏறத்தாழ 20 மி.மீ. கீழே இறங்கியிருந்தது.

விரிசலைக் காட்டிக் கொடுத்தது துரு. கால்வனைஸ் பூச்சின் சாம்பல் நிறத்தின்மீது மயிரிழை போல ஒரு செம்பழுப்புக் கோடும், அதிலிருந்து சுவர் வழியே வழிந்த கறையும் தெரிந்தன. படகு ஏற்றியிருக்கும்போது அந்தக் கோட்டில் விரல் நகத்தின் விளிம்பு சிக்கியது. படகை இறக்கிய பின் அதே இடத்தைத் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. சுமையின்போது திறந்து, சுமை நீங்கியதும் மூடிக்கொள்ளும் விரிசல் இது. வெறும் டிரெய்லரை மட்டும் கழுவித் துடைத்துப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும்.

விரிசல் ஏன் அந்த இடத்தில், அதுவும் மேற்புறத்தில் வந்தது என்பதற்கு விடை காணாமல் ஒட்டவைப்பதில் பொருளில்லை. காரணம் அப்படியே இருந்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விழும். டிரெய்லர் சட்டம் பாலம் போல இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் தொய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் படகு டிரெய்லரில், வண்டியோடு இணையும் முன்முனையான கப்ளிங் தாங்கும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மீதி எல்லாம் அச்சின்மேல் நிற்கிறது. தோளில் காவடி நிற்பதைப் போலச் சட்டகம் அச்சின்மேல் நிற்க, முன்பாதிப் படகு ஒரு பக்கமும் எஞ்சினோடு சேர்ந்த பின்பாதி மறுபக்கமும் கீழே அழுத்துகின்றன. ஆகவே அச்சை ஒட்டிய பகுதியில் சட்டத்தின் மேல்முகம் இழுபடுகிறது, கீழ்முகம் அமுங்குகிறது. முன்னால் இழுவைத் தண்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே கப்ளிங் மேல்நோக்கித் தள்ளுவதால் கீழ்முகம்தான் இழுபடும். எந்த முகத்தில் தேட வேண்டும், எந்த முகத்தில் பற்றவைப்பைத் தவிர்க்க வேண்டும் என்ற இரண்டையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

எங்கள் டிரெய்லரில், முன்பு வைத்திருந்த யாரோ, படகில் ஏறக் கால் வைப்பதற்கு ஒரு படி வேண்டுமென்று, ஒரு ஆங்கிள் துண்டை மேல்முகத்தின் குறுக்கே வைத்துப் பற்றவைத்து வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார். அந்தப் பற்றவைப்பின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கியிருந்தது. இழுவிசை மிகுந்த முகத்தில், விசையின் திசைக்குச் செங்குத்தாக ஒரு பற்றவைப்பு இருந்தால், அதன் விளிம்பில் விசை குவியும். ஒவ்வொரு மேடுபள்ளமும் அந்த விளிம்பை ஒரு முறை இழுத்து விடும். இரும்பு சோர்ந்துபோக இது போதும். படி இல்லாத வலப்பக்கச் சட்டம் அதே சுமையை அதே சாலைகளில் சுமந்தும் சேதமில்லாமல் இருந்தது என் ஊகத்தை உறுதிப்படுத்தியது. மிகைச் சுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், ஐஸ் பெட்டி, பெட்ரோல், நங்கூரம் அனைத்தோடும் டிரெய்லரை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். தகட்டில் பொறித்துள்ள ஏடிஎம் (சுமையோடு சேர்த்து டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடை) எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை.

இங்கே அரசு விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4.5 டன் ஏடிஎம் வரையிலான டிரெய்லர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவில் விஎஸ்பி 1 என்ற ஏடு தொகுத்துச் சொல்கிறது. அச்சின்மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் டிரெய்லர் கழன்று போனாலும் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்பன போன்ற விதிகள் அதில் உள்ளன. பழுது பார்ப்பது வேறு, சட்டகத்தின் அளவையோ அச்சின் இடத்தையோ மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு முறையான ஒப்புதல் தேவை. நான் எனக்கு வகுத்துக்கொண்ட எல்லை இன்னும் குறுகலானது. விரிசல் இழுவைத் தண்டிலோ கப்ளிங் பலகையிலோ இருந்திருந்தால் பொறியாளரிடம் கொண்டுபோயிருப்பேனே தவிர வீட்டுக் கொட்டகையில் தொட்டிருக்க மாட்டேன். அச்சு, ஸ்பிரிங், பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றைப் பற்றவைத்துச் சரிசெய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை கெட்டால் மாற்ற வேண்டியவை. வெப்பம் பட்டால் அவற்றின் பலம் போய்விடும்.

வெல்டிங் செய்தவர் நான் அல்ல. திருச்சியில் பாய்லர் பட்டறைகளில் தொழில் பழகி, பல ஆண்டுகளாக இங்கே குழாய் வெல்டராக இருக்கும் அண்ணன் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். பெல் ஆலை வந்த பிறகு திருச்சியைச் சுற்றி வளர்ந்த வெல்டர் பரம்பரையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, ராடைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல படகை இறக்கு” என்பதுதான்.

படகைச் சுமந்த நிலையில் பற்றவைத்தால் திறந்த விரிசல் திறந்தபடியே இறுகிவிடும். தீ அபாயம் அதைவிடப் பெரிது. பெட்ரோல் தொட்டியையும் பேட்டரியையும் முதலில் கழற்றி வெகுதூரத்தில் வைத்தோம். பிறகு படகின் பின்பலகையையும் முன்பக்க அடித்தண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஜாக்கியால் உயர்த்தி, தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அவற்றின்மேல் இருத்தி, டிரெய்லரை அடியிலிருந்து உருவி எடுத்தோம். டிரெய்லரின் சக்கரங்களைக் கழற்றி, சட்டகத்தை எடை குறித்த இரும்பு ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தினோம். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கற்கள் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பிச் சட்டகத்துக்கு அடியில் கையை நீட்டக் கூடாது.

ஸ்டாண்டுகளைச் சரிசெய்து, சட்டத்தின் நீளத்துக்கு நூல் கட்டி நேர்பார்த்தோம். கப்ளிங்கின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து சட்டத்திலேயே சாக்பீஸால் எழுதி வைத்தோம். இந்த இரண்டு அளவும் சமமாக இல்லையென்றால் டிரெய்லர் சாலையில் கோணலாக ஓடி டயரைத் தின்றுவிடும். பற்றவைப்பின் வெப்பம் சட்டத்தை வளைக்கக்கூடும் என்பதால் வேலைக்கு முந்தைய அளவு கையில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது துருவின் ஆழம். செவ்வகக் குழாயின் பெரிய குறை, அது உள்ளேயிருந்து அரிக்கும் என்பதே. உப்புநீரில் முங்கி எழும்போது குழாய்க்குள் புகும் சேறும் மணலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பூச்சு புத்தம்புதிதாக இருக்கும்போதே உட்சுவர் மெலிந்துகொண்டிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல சுவர் கணீரென்று ஒலிக்கும், மெலிந்த சுவர் மந்தமாக ஒலிக்கும். அதோடு நிற்காமல் இரவல் வாங்கிய அல்ட்ராசோனிக் தடிமன் அளவியை வைத்துப் பார்த்தபோது விரிசலின் இருபுறமும் சுவர் 2.7 மி.மீ.க்குக் குறையவில்லை. பின்கோடிக் குறுக்குச் சட்டமோ அடிப்புறத்தில் பாதியாகக் கரைந்திருந்தது. முதலாவதைச் சரிசெய்யலாம், இரண்டாவதை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும் என்று முடிவாயிற்று. விரிசல் இருந்த இடத்திலும் சுவர் அப்படிக் கரைந்திருந்தால் அந்தப் பக்கச் சட்டத்தையே மாற்றியிருக்க வேண்டும். மெலிந்த தகட்டின்மேல் எவ்வளவு தடித்த பட்டையை வைத்துப் பற்றவைத்தாலும், பற்று அந்த மெலிந்த தகட்டில்தானே இருக்கும்.

இனி துத்தநாகம். 907 டிகிரி செல்சியஸில் துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடும்; இரும்பு உருக 1500 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். ஆகவே கால்வனைஸ் இரும்பில் வெல்டிங் ராடை வைத்த கணமே வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து, வாயில் இனிப்பு கலந்த உலோகச் சுவையும் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ஒரு டம்ளர் பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. விரிசலைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்குப் பூச்சை கிரைண்டரால் முழுமையாக உரசி எடுத்து, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்தோம். கொட்டகையின் இருபுறக் கதவுகளையும் திறந்து, ஒரு மின்விசிறி புகையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும்படி வைத்தோம். அண்ணன் தலைக்கவசத்துக்குள் நுண்துகள்களைத் தடுக்கும் பி2 வடிகட்டி பொருத்திய முகமூடி அணிந்திருந்தார். உரசி எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருகிய துத்தநாகம் பற்றவைப்புக்குள் புகுந்தால் அந்தப் பற்றவைப்பே துளைவிழுந்தோ விரிசல் விட்டோ போகும்.

கிரீஸைத் துடைக்க வீட்டில் இருந்த பிரேக் கிளீனர் டப்பாவை நான் எடுத்தபோது அண்ணன் கையிலிருந்து வாங்கி அதன் பின்புறத்தைப் படித்தார். குளோரின் கலந்த கரைப்பான் உள்ள பிரேக் கிளீனர்கள் சந்தையில் உண்டு. அதன் ஈரமோ ஆவியோ மிச்சமிருக்கும் இடத்தில் வெல்டிங் சுடர் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்; முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வாயு அது. சோப்புநீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அசிட்டோனால் துடைத்து, அது முற்றிலும் ஆவியான பிறகே வேலையைத் தொடங்கினோம். குழாயின் இரு முனைகளும் வடிகால் துளைகளும் திறந்திருக்கின்றனவா என்பதையும் கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டோம். உள்ளே ஈரத்தோடு அடைபட்ட குழாயைச் சூடாக்கினால் நீராவி அழுத்தம் ஏறிச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

கம்பளம் போர்த்திய மரத் தாங்கிகள், பிளாஸ்டிக் உருளைகள், இடச்சட்டத்தை ஒட்டிச் சென்ற பிரேக் குழாய், விளக்கு வயர் எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்கினோம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை விரிசலுக்கு ஒரு சாண் தூரத்தில், உரசிய இரும்பில் கடித்து வைத்தோம். அதை எங்கோ பின்னால் சக்கரம் பொருந்தும் ஹப்பில் மாட்டினால் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளில் பொட்டுப்பொட்டாகத் தீய்த்துவிடும். விக்டோரியாவில் கோடைக்காலத்தில் முழுத் தீத்தடை அறிவிக்கும் நாள்களில் அனுமதியின்றித் திறந்தவெளியில் கிரைண்டரும் வெல்டிங்கும் கூடாது என்பதால் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் நாளைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற நாள்களிலும் தண்ணீர்க் குழாயும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருப்பதும், வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பார்ப்பதும் அவருடைய பழக்கம்.

ஆங்கிள் படியைக் கட்டிங் வீலால் வெட்டி நீக்கி, பழைய பற்றவைப்பை முழுவதும் வழித்தெடுத்த பிறகுதான் விரிசலின் உண்மையான நீளம் தெரிந்தது. விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, அந்தச் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் படிவை அடித்தபோது, கண்ணுக்குத் தெரிந்த முனைக்கு அப்பாலும் ஒரு விரற்கடை தூரம் மெல்லிய சிவப்புக் கோடு ஊறி வந்தது. அந்தக் கோடு முடியும் இடத்துக்குச் சற்று அப்பால், இரு முனைகளிலும் 5 மி.மீ. துளை போட்டார் அண்ணன். கூர்மையான முனையில் குவியும் விசையைத் துளையின் வட்ட விளிம்பு பரப்பிவிடும் என்பதால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு மெல்லிய சக்கரத்தால் விரிசல் நெடுகிலும் ‘வி’ வடிவில் அகழ்ந்து, அடியில் 2.5 மி.மீ. இடைவெளி திறந்தார்.

குழாய் வெல்டர்களுக்கு ரூட், அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் பற்றவைப்பு, என்றால் ஆர்கான் வெல்டிங்தான் நினைவுக்கு வரும். இங்கே அவர் அதைத் தவிர்த்தார். குழாயின் உட்புறத்தில் இருக்கும் துத்தநாகத்தை யாராலும் உரச முடியாது. ஆர்கான் முறை அத்தகைய அசுத்தத்தைக் கொஞ்சமும் பொறுக்காது. அடுப்பில் வைத்து உலர்த்திய 2.5 மி.மீ. லோ ஹைட்ரஜன் ராடை எடுத்து, சுடரைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டி, துத்தநாகம் முன்னால் எரிந்து போக நேரம் கொடுத்து மெதுவாக நகர்ந்தார். ஒரு விரற்கடை நீளம் போட்டதும் நிறுத்தி, கசடைத் தட்டி, தூரிகையால் தேய்த்து, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மறுமுனையிலிருந்து அடுத்த துண்டைத் தொடங்கினார். வெளிப்பக்கத்தில் இருப்பவனுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேகம். ஆனால் சாக்பீஸ் அளவுகளை மறுபடி சரிபார்த்தபோது சட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமாக நகரவில்லை. நிரம்பிய பற்றவைப்பின் மேட்டைச் சட்டத்தின் நீளவாக்கில் மட்டும் கிரைண்டர் ஓட்டிச் சமன்செய்தார். குறுக்காக ஓட்டினால் அந்தக் கீறல்களே அடுத்த விரிசலுக்குத் தொடக்கமாகும். மறுபடி சாயச் சோதனை செய்தபோது வெள்ளைப் படிவில் சிவப்பு ஊறவில்லை.

வலுவூட்டும் தகடு வைப்பதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. தடித்த பட்டை ஒன்றை மேல்முகத்தில் வைத்து நான்கு பக்கமும் பற்றவைத்தால் உறுதி என்றுதான் எனக்குத் தோன்றியது. அது நாங்கள் வெட்டி எறிந்த படியின் அதே கோளாற்றை இன்னும் பெரிதாகத் திரும்பக் கொண்டுவரும் என்றார் அண்ணன். தகடு பக்கச் சுவர்களில்தான் இருக்க வேண்டும். சட்டத்தைவிடத் தடித்ததாக இருக்கக் கூடாது, தடித்தால் தகடு முடியும் இடத்தில் விறைப்பு திடீரென மாறி அங்கே விசை குவியும். ஆகவே 3 மி.மீ. தகட்டில் 70 மி.மீ. உயரம், ஏறத்தாழ 400 மி.மீ. நீளத்தில் இரண்டு வெட்டினோம். 100 மி.மீ. சுவரில் மேலும் கீழும் 15 மி.மீ. விட்டு, குழாயின் வளைந்த மூலைகளைப் பற்றவைப்பு தொடாதபடி நடுவில் வைத்தோம். முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாகக் கூராக்கி, நுனியை வட்டமாக உருட்டினோம். நுனி சுவரின் நடு உயரத்தில், அதாவது இழுவிசையும் அமுக்கமும் குறைந்த இடத்தில், முடியும்படி அமைத்தோம். வெளிச்சுவர்த் தகட்டின் முனைகளும் உட்சுவர்த் தகட்டின் முனைகளும் நேருக்கு நேர் வராமல் ஒரு கை அகலம் தள்ளி வைத்தோம்.

சாதாரண லோடு டிரெய்லராக இருந்தால் நீளப் பக்கங்களை மட்டும் பற்றவைத்து, நுனிகளைச் சும்மா விடுவதே நல்லது. படகு டிரெய்லர் உப்புநீரில் முங்குவதால், மூடாத இடுக்கில் நீர் புகுந்து இரண்டு தகடுகளையும் உள்ளிருந்து அரித்து வீங்கச் செய்யும். அதனால் நுனிகளையும் மெல்லிய பற்றவைப்பால் அடைத்து, அவற்றின் விளிம்பை வழவழப்பாக உரசிவிட்டோம். பின்னால் என்றாவது இந்தச் சட்டகத்தை மறுபடி துத்தநாகக் குளியலுக்கு அனுப்பினால் அந்த அடைபட்ட இடுக்குகளுக்குக் காற்றுத்துளை போட்டே ஆக வேண்டும்; 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும். பின்கோடிக் குறுக்குச் சட்டத்தைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பழையதை வெட்டி, அதே அளவில் புதிய கால்வனைஸ் குழாயை, வடிகால் துளைகளோடு பொருத்தினோம்.

பூச்சுக்கு வெள்ளி நிற ஸ்பிரே டப்பாக்களை நம்ப வேண்டாம். அவற்றில் சில, அலுமினியத்தூளால் பளபளக்கும் சாதாரண பெயின்ட்தான். உலர்ந்த படலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் துத்தநாகம் என்று எழுதியுள்ள, தூரிகையால் பூசும் வகையை வாங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து வெறுமையாக்கிய இரும்பின்மீது நேரடியாக மூன்று பூச்சு கொடுத்தேன். அடியில் வேறு பிரைமர் அடித்தால் துத்தநாகம் இரும்பைத் தொடாது; தொடாவிட்டால் அது தன்னை இழந்து இரும்பைக் காக்கும் வேலை நடக்காது. குழாயின் உட்புறத்துக்கு, எல்லாம் ஆறிய மறுநாள், நீண்ட குழல் வைத்த தெளிப்பானால் மீன் எண்ணெய் அடித்தேன். வெல்டிங்குக்கு முன் அடித்தால் அது தீப்பிடிக்கும். அதன் வாடை ஒரு வாரம் கொட்டகையை விட்டுப் போகவில்லை, அக்கம்பக்கத்துப் பூனைகளும் போகவில்லை.

படகில் ஏறும் படி இல்லாமல் வீட்டில் சம்மதம் கிடைக்காது என்பதால், புதிய படியை யூ போல்ட்டுகளால் சட்டத்தைச் சுற்றிக் கவ்வும்படி செய்து, இடையில் ரப்பர் பட்டை வைத்து முடுக்கினேன். சட்டத்தில் துளையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. படகை ஏற்றி முதலில் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, பிறகு கேரம் பக்கமுள்ள பேட்டர்சன் ஆற்றுத் துறைவரை போய்வந்து, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கினேன். சக்கரம் கழற்றி மாட்டினால் முதல் 50 கிலோமீட்டருக்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஸ்னாப்பர் மீன் பருவம் முடிந்ததும் தகட்டு நுனிகளைச் சுற்றியுள்ள பூச்சை மட்டும் சுரண்டி எடுத்து, படகு ஏற்றிய நிலையில் சாயச் சோதனை செய்தேன். நான்கு நுனிப் பகுதிகளில் ஒன்றிலும் கோடு இல்லை. வலப்பக்க முன் ஹேங்கரின் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள உறை) தேய்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. இரு பக்கத்துக்கும் புதிய புஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.